நாற்பத்தொரு கட்டைவிரல்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன தடவை நான் ஒரு தாளில் எழுதியதற்கே கோல சிலாங்கூர் வரைக்கும் கூப்பிட்டு மிரட்டினார்கள். அதோடு, நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பாதியில் வெளியே வந்தவன். வந்தேன் என்பதைவிட வாத்தியார் அனுப்பி வைத்தார் என்பதே சரி. ஆனால் நான் எழுதாவிட்டால் தோட்டத்துக் கணக்கு எழுதும் எங்கள் கிராணி ஐயா எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிவார். இப்போதே பாதி சொல்லியாயிற்று. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு சைக்கிளில் போய்விடலாம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அவசரகாலம் கொண்டுவந்த பிறகு, மூன்று இடங்களில் இருந்த எங்கள் லயத்து வீடுகளைப் பிரித்து ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோமாம். எங்கள் வீட்டில் எனக்கே இரண்டாவது தட்டுச் சோறு கிடையாது. காட்டில் இருப்பவனுக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்?

வேலிக்கு ஒரே வாசல். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிற ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டி மறைப்பு. பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், தலைத்துண்டை உதறச் சொல்வார்கள். ஒருநாள் காவல்காரர் என் சட்டைப் பையைத் தடவியபோது, "உள்ள யானை இருக்கு, பாத்து" என்றேன். அவர் மலாய்க்காரர், தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே கேலி என்று கண்டுபிடித்து, என்னைக் கடைசி ஆளாக நிறுத்திவிட்டார்.

சோதனைகூடப் பழகிவிட்டது. மேசை போட்ட இடம்தான் பழகவில்லை. வேலி போட்டவர்கள் வாசலை ரோட்டை ஒட்டி வைத்துவிட்டார்கள். மேசையை வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்தில் போட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஆழமான கால்வாய். ஆகவே நாங்கள் நிற்கிற வரிசை ரோட்டிலேயேதான் நீளும். அந்த நேரத்தில்தான் லோரிகளும் வரும். அவை மெதுவாக வராது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம் நிற்கிற இடத்தில் லோரியை மெதுவாக ஓட்டினால் உள்ளேயிருந்து சுட்டுவிடுவார்கள் என்று டிரைவர்களுக்குப் பயம். அவர்கள் மேலும் தப்பில்லை. ஆனால் அவர்கள் பயத்தில் மிதிப்பதும், நாங்கள் வாளியோடு கால்வாய்ப் பக்கம் சாய்வதும் தினசரி வேலையாகிவிட்டது.

ஒருநாள் சாய நேரமில்லாமல் போனது. என் கூட்டாளியின் மனைவி காண்டா கம்பைத் தோளில் போட்டு, இரண்டு முனையிலும் வாளி தொங்க வரிசையில் நின்றிருந்தாள். லோரியின் பக்கவாட்டுப் பலகை ஒரு வாளியில் பட்டது. கம்பு அவளையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் கால்வாய்க்குள் தள்ளியது. அப்போது அவளுக்கு ஐந்து மாதம். முந்தின வருஷம் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது.

நானும் கூட்டாளியும் இறங்கித் தூக்கினோம். அவள் சேற்றைத் துப்பிவிட்டு, "வாளிய எடுங்க மொதல்ல" என்றாள். வாளி தோசை மாதிரி தட்டையாகக் கிடந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்சர் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னொரு முறை விழுந்தால் தன்னிடம் வராதீர்கள் என்றார். வேலைக்குப் போகாமல் வீட்டில் இரு என்று கூட்டாளி சொன்னான். அவள் கேட்கவில்லை. வேலை செய்யாதவர்களுக்கு லயத்தில் அறை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே பிள்ளை பிறக்கிற வரைக்கும், தினமும் காலையில், அவள் அதே ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான்தான் சொன்னேன். "மச்சான், மனு எழுதிப் போடுவோம்."

"யாரு எழுதுறது?"

"நான்தான்."

"வெளங்கிரும்" என்றான் கூட்டாளி.

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "எழுதட்டும், விடுங்க. அண்ணன் எழுத்தப் படிக்க முடியாமயே அவங்க நேர்ல வந்து கேப்பாங்க."

மூன்று விஷயம் கேட்பது என்று முடிவானது. மேசையை வேலிக்கு உள்ளே போட வேண்டும். வாசலுக்கு இரண்டு பக்கமும் ரோட்டுக்குக் குறுக்கே கம்பம் வைத்து, வரிசை நிற்கிற நேரத்தில் லோரியை நிறுத்த வேண்டும். மூன்றாவதை, 'இன்னாருடைய மனைவியை முதலில் விட வேண்டும்' என்று எழுதப் போனேன். அவள் வந்து தாளைப் பிடுங்கினாள்.

"என்ன மட்டும் முன்னால விட்டா லயத்துல எல்லா வாயிலயும் நான்தான் கெடப்பேன். புள்ளத்தாச்சி எல்லாருக்கும்னு எழுதுங்கண்ணே. கைப்புள்ளைய ஆயாக்கொட்டாய்ல விட்டுட்டு வர்றவங்களையும் சேருங்க."

அப்படியே எழுதினேன். மனு என் ஒருவனுடையதாக இருந்தால் குப்பைக்குத்தான் போகும், எல்லாரும் ரேகை வைக்க வேண்டும். எங்கே வைப்பது? நாலு பேர் சேர்ந்து நின்றாலே காவல்காரர் எட்டிப் பார்க்கிற காலம். கூட்டம் போட்டால் கூட்டத்தோடு கூண்டில் ஏற்றுவார்கள். யாரும் கேள்வி கேட்காமல் நாங்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிற இடம் ஒன்றுதான் இருந்தது. பால் கொட்டாய். மத்தியானம் எல்லாரும் பாலைக் கொண்டுவந்து நிறுத்து ஊற்றிவிட்டுப் போக வேண்டுமே.

பத்தாங் பெர்ஜுந்தாயில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாயிடம் ரசீதில் முத்திரை குத்துகிற மைப்பெட்டியை இரவல் வாங்கினேன். "எதுக்குடா தம்பி?" என்றார். "கல்யாணப் பத்திரிகைக்கு" என்றேன். "யாருக்கு?" "லோரிக்கும் எங்களுக்கும்." பெட்டியைத் தந்து, கூடவே தலையிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாள் மத்தியானம், பாலை ஊற்றிவிட்டுத் திரும்புகிற ஒவ்வொருவராகப் பிடித்தேன். பெயரை நான் எழுதுவேன், பக்கத்தில் அவர்கள் கட்டைவிரலை வைப்பார்கள். கிராணி ஐயா பாலை நிறுக்கிற மும்முரத்தில் இருந்தார். அல்லது இருப்பதுபோல இருந்தார். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்ததால் எல்லாருக்கும் அவசரம். நாற்பத்தொரு பெயர் சேர்ந்தது. அதில் கூட்டாளி மட்டும் அங்கே இல்லை. மனைவியை டிரஸ்சரிடம் காட்ட, இடம் பிடிக்க முன்னாலேயே போய்விட்டான். அவள் பாலை ஊற்றிவிட்டுப் பின்னால் போகும் முன் அவள் ரேகையை வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் கூட்டாளி கேட்டான். "என் ரேக?"

"வச்சாச்சு, வச்சாச்சு. மனு போயிருச்சு."

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மனுவை எழுதியவன் கோல சிலாங்கூர் ஜில்லா ஆபீசுக்கு வர வேண்டும். கிராணி ஐயா மொழிபெயர்க்க வர வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது கிராணி ஐயா என்னோடு பேசவில்லை. புதிதாக வெளுத்த கால்சட்டையில் தூசி படாமல் உட்காருவதிலேயே அவருக்குக் கவலை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று அதிகாரி என்னிடம் யோசனை கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி வெள்ளைக்காரர், சின்ன வயசு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. எங்கள் மனுவை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் பூதக்கண்ணாடி. இங்கிலீஷில் என்னமோ நீளமாகச் சொன்னார். கிராணி ஐயாவின் முகம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஆனது.

"ஐயா என்ன சொல்றாருன்னா, இதெல்லாம் ஒரே ஆளு வெரலாம். ஒரு ரேகையிலயும் கோடே இல்லையாம். பேரும் எல்லாம் ஒரே கையெழுத்தாம். ஒருத்தனே உக்காந்து நாப்பத்தொரு பேர் மாதிரி வச்சிருக்கான்னு சொல்றாரு."

எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. தாள் முழுக்க, நசுங்கிய நாவல்பழம் மாதிரி வரிசையாக மைப் பொட்டு. ஒன்றிலும் வரியில்லை, சுழியில்லை. ரேகை என்று சொல்ல எதுவுமே இல்லை.

"இது யாருன்னு கேக்குறாரு" என்றார் கிராணி ஐயா.

அதிகாரியின் விரல் என் கூட்டாளியின் பெயருக்கு நேரே இருந்தது. அந்தப் பொட்டு மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு.

"அவன் கொஞ்சம் பெரிய ஆளுங்க" என்றேன்.

கிராணி ஐயா என்னைப் பார்த்தார். கூட்டாளி விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருப்பான் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அப்படியே மொழிபெயர்த்தார். அதற்கு மட்டும் அவருக்கு இன்றைக்கும் நன்றி.

அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பொய் என்றால் என்ன நடக்கும் என்பதை கிராணி ஐயா மொழிபெயர்க்கவே இல்லை. பூட்டைத் திருகுவதுபோலக் கையைக் காட்டினார், புரிந்தது. காரணம் சொல்லாமல் ஆளை உள்ளே வைக்கச் சட்டம் இருந்த காலம். திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஒரு கேலியும் செய்யவில்லை. பயந்துபோய் கிராணி ஐயாவே, "ஒடம்பு சரியில்லையாடா?" என்று கேட்டார்.

அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் சனங்கள் செய்ததைக் கேளுங்கள். பெரிய அதிகாரி வருகிறார், கை அழுக்காக இருக்கக்கூடாது என்று எல்லாரும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, வெளுத்த துணியில் வந்து நின்றார்கள். அவர் புதுத் தாளில் எல்லாரிடமும் ரேகை வாங்கினார். அடையாளக் கார்டு கொடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்த மாதிரியே பளிச்சென்று விழுந்தது. வரி, சுழி எல்லாம் எண்ணலாம். மனுவில் இருக்கிற நாவல்பழத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கூட்டாளி முறை வந்தபோது அதிகாரி மனுவைப் பார்த்தார், அவன் கட்டைவிரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரிய ஆளு இவருதானான்னு கேக்குறாரு" என்றார் கிராணி ஐயா.

"ரேஷன் அரிசியில எளச்சுட்டாருன்னு சொல்லுங்க."

கூட்டாளி என் காலை மிதித்தான்.

லோரியாவது நமக்காகப் பேசும் என்று பார்த்தேன். அன்றைக்கென்று, ஜீப் நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, ஒவ்வொரு லோரியும் திருவிழாத் தேர் மாதிரி அசைந்து அசைந்து போனது. ஒரு டிரைவர் சலாம்கூடப் போட்டான். அதிகாரி தாளைச் சுருட்டினார். வேலிக்கு வெளியே நிற்கும்போதே எனக்கு இன்னொரு வேலிக்கு உள்ளே போன மாதிரி இருந்தது. மனு பொய் என்று ஆனால் நான் உள்ளே போவதோடு முடியாது. மேசையும் அங்கேயே இருக்கும், அவளும் அங்கேயே நிற்பாள்.

அவள்தான் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். வயிறு அப்போது நன்றாகத் தெரிந்தது.

"கிராணி ஐயா, தொரைய மத்தியானம் பால் கொட்டாய்க்கு வரச் சொல்லுங்க."

"அவருக்கு வேற வேல இல்லையா? போம்மா, வரிசைல நில்லு."

அவள் கிராணி ஐயாவை விட்டுவிட்டு நேராக அதிகாரியிடமே கடைத்தெரு மலாயில் சொன்னாள். "துவான், பூக்குல் சத்து, மாரி." ஐயா, ஒரு மணிக்கு வாங்க என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அதிகாரி கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

"தங்கச்சி, என்னா செய்யப் போற?" என்றேன்.

"உங்க கையப் பாருங்க, அண்ணே. இப்ப இல்ல, மத்தியானம் பாருங்க."

மத்தியானம் பார்த்தேன். வருஷக்கணக்காக என் கையில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மரம் வெட்டுகிற எல்லாருக்கும் கையில் பால் படும். காய்ந்து மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். தடவினால் வழுவழுவென்று இருக்கும், ஒரு வரி தெரியாது. வீட்டுக்கு வந்து தேய்த்து உருட்டி எடுப்போம். எல்லார் கையும் அப்படியே இருப்பதால் யார் கண்ணிலும் அது படுவதில்லை. நாற்பத்தொரு பேருக்கும் ரேகை வாங்கும்போது என் கையும் அப்படித்தானே இருந்தது!

ஒரு மணிக்கு ஜீப் பால் கொட்டாய்க்கு வந்தது. அவள் பாலை ஊற்றிவிட்டு, மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்து எடுத்துப் பதித்தாள். நாவல்பழம். அடுத்த ஆள், நாவல்பழம். மூன்றாவது ஆளும் அதேதான். அதிகாரி குனிந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். கையில் எதையாவது பூசிக்கொண்டு வந்திருக்கிறார்களோ என்று கேட்டார். ஆமாம் என்று அவள், அடியில் பால் மீந்திருந்த வாளியை அவர் முன்னால் நீட்டினாள்.

அவரும் கட்டைவிரலை உள்ளே விட்டார். அவள் ஊதச் சொன்னாள். அவ்வளவு பெரிய அதிகாரி, சூடான வடையை ஊதுகிற மாதிரி விரலை உஃப் உஃப் என்று ஊதிக்கொண்டு நின்றார். காய்ந்ததும் மையில் தொட்டு, கையில் இருந்த தாளிலேயே அழுத்தினார். அச்சு அசல் நாவல்பழம். கையில் இருந்த தாள் எங்கள் மனு.

எனக்குத்தான் வாய் நிற்காதே.

"கிராணி ஐயா, தொரையும் நம்ம மனுவுல ரேகை வச்சுட்டாருன்னு சொல்லுங்க. நாப்பத்திரெண்டு."

"வாய மூட்ரா, பாவி."

"என்ன சொன்னான்?" என்பதுபோல அதிகாரி கேட்டார். கிராணி ஐயா மழுப்பினார். அவர் விடவில்லை. கடைசியில் கிராணி ஐயா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதிகாரியின் காது சிவந்தது. தாளைத் திரும்பப் பார்த்தார். பிறகு மேல்பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் எல்லாருக்கும் செய்திருந்த மாதிரியே, தன் நாவல்பழத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத்தான் சிரித்தார். கூட்டாளியின் மனைவி விரலிலிருந்து பாலை உருட்டி எடுப்பது எப்படி என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தாள். பால் கெட்டியாக ஒட்டினால் ரேகை பெரிதாகவும் விழும் என்று நான் சொன்னேன். அந்தப் பெரிய பொட்டையும் அவர் பால் தலையில் போட்டுவிட்டார்.

கையோடு மேசையையும் பார்க்கிறேன் என்று வாசலுக்கு நடந்தே போனார். ஜீப் கொட்டாயிலேயே நின்றது. ஜீப் இல்லாத வாசல் என்றால் டிரைவருக்கு என்ன மரியாதை? ஒரு லோரி வழக்கம்போலப் பறந்து வந்தது. அதிகாரியின் தொப்பி கால்வாயில் போய் விழுந்தது. அவர் மேசையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். காவல்காரர் குச்சியால் தொப்பியை எடுத்துக் கொடுத்தார். இந்த முறை கிராணி ஐயா மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அதிகாரி கத்தியது எங்களுக்கே புரிந்தது.

மாதம் முடியும் முன்னால் மேசை வேலிக்கு உள்ளே வந்துவிட்டது. பழைய ரப்பர் மரம் இரண்டை வெட்டி, ரோட்டுக்குக் குறுக்கே தூக்கி இறக்குகிற கம்பமாகப் போட்டார்கள். பிள்ளைத்தாச்சிகளும் கைப்பிள்ளைக்காரிகளும் முதலில் போகலாம் என்று வாசலில் பலகை தொங்குகிறது. வேலி அப்படியேதான் இருக்கிறது. அதைக் கேட்க இன்னும் எத்தனை விரல் வேண்டுமோ தெரியாது. ஆனால் ரோட்டில் யாரும் சாய்வதில்லை. வாரத்தில் ஒரு காலை கம்பத்தை இறக்குகிற முறை என்னுடையது. லோரி வந்து உறுமிக்கொண்டு நிற்கும். "தூக்கு லா, நேரமாச்சு!" என்று டிரைவர் கத்துவான். "எறங்கி வந்து ரேக வை, தூக்குறேன்" என்பேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். எட்டாவது மாதம் வரைக்கும் அவள் வரிசையில் முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தாள், போகும்போது பின்னால் நிற்கிற என்னைத் திரும்பிப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டுத்தான் போவாள். நேற்றுக் குழந்தையைத் தூக்கிப் பார்த்தேன். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு கையில் அதை வைத்துக்கொண்டே, இதுவரை எழுதியதை முழுதும் கூட்டாளிக்குப் படித்துக் காட்டினேன். எப்படி இருக்கிறது என்றேன்.

"எல்லாத்தையும் எழுதிட்ட, என் பேருக்கு நேரா நீ ஒன் கால் கட்டவெரல வச்சத எங்கடா காணோம்?"